சந்தனம் வச்ச ரிசீவர்

என் கை நடுங்காது. இதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா ஒரு மனுஷன் கடையில எல்லாரும் நிக்கும்போது என் கை நடுங்குதுன்னு சொல்லி, அது ஒரு வாரம் இந்தக் காஞ்சிபுரத்துல சுத்திச்சு. எனக்கு அம்பத்தொண்ணு வயசு. மூட்டு வலிக்குது, ஒத்துக்கிறேன். கண்ணாடி இல்லாம பஸ்ஸுல போட்டிருக்கிற ஊர் பேரு தெரியாது, அதையும் ஒத்துக்கிறேன். கை மட்டும் நடுங்காது.

நான் பட்டுப்புடவைக்கு டிசைன் போடறவ. புடவைக் கரையில ஒரு அன்னம் வரணும்னா அது தறிக்குத் தானாத் தெரியாது. எந்த இடத்துல எந்த இழையைத் தூக்கணும்னு ஓட்டை போட்ட அட்டைதான் தறிக்குச் சொல்லும். அந்த அட்டையைக் குத்தறதுக்கு முன்னாடி கட்டம் கட்டமா ஒரு படம் வேணும். அந்தப் படம்தான் என் வேலை. ஒரு கட்டம் தப்பினா ஒரு இழை தப்பும். முன்னெல்லாம் கிராஃப் பேப்பர்ல பென்சிலை வச்சு நிரப்பினேன், இப்போ கம்ப்யூட்டர்ல மவுஸை வச்சு நிரப்பறேன். மாறினதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பேப்பர்ல ரப்பர் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு பேப்பரே ஓட்டையாயிடும். இதுல ஒரு அமுக்கு அமுக்கினா தப்பு போயிடுது. நல்லாத்தானே இருக்குது.

கடைக்குப் பின்னாடி ஒரு நீளமான ரூம். அதுல ரெண்டு கம்ப்யூட்டர். ஒண்ணு என்னுது, இன்னொண்ணு ஆன்லைன் ஆர்டர் பாக்கிற பொண்ணோடது. பொண்ணுன்னு சொல்றேனே தவிர, பத்தாங்கிளாஸ் படிக்கிற மகன் இருக்கிறான் அவளுக்கு. எங்க ரெண்டு பேருக்கும் எதிர்ல கண்ணாடித் தடுப்பு போட்டு ஒரு சின்ன அறை. அதுல முதலாளியோட மாப்பிள்ளை. சென்னையில ஏதோ கம்பெனியில இருந்தவரு, ரெண்டு வருஷம் முன்னாடி அதை விட்டுட்டு இங்க வந்து உக்காந்தாரு.

வந்த முதல் வாரமே வயரை எல்லாம் புடுங்கிட்டாரு. வீடியோ காலுல கஸ்டமர் பாக்கும்போது டேபிள் சுத்தமா இருக்கணுமாம். என் பழைய மவுஸுக்கு வாலு இருந்தது, வேலையை ஒழுங்கா செஞ்சுது. அதைத் தூக்கிப் போட்டுட்டு வயரில்லாத கீபோர்டு ஒண்ணு, மவுஸு ஒண்ணு கொடுத்தாரு. கீபோர்டு ப்ளூடூத்தாம். நானும் அரை மணி நேரம் பட்டனை அமுக்கி அமுக்கிப் பாத்தேன், விளக்கு மினுக்கு மினுக்குன்னு மினுக்குதே தவிர ஒரு எழுத்து விழல. அவரு கண்ணாடி அறையில இருந்தே, "அம்மாவுக்கு கனெக்ட் பண்ணத் தெரியல, யாராவது பண்ணிக் குடுங்கப்பா"ன்னாரு. யாராவதுன்னா யாரு, அவரே வந்தாரு. அவராலயும் முடியல. அப்புறம்தான் தெரிஞ்சுது, என் கம்ப்யூட்டர் பழசு, அதுல ப்ளூடூத்தே கிடையாது. இல்லாத கதவை நான் அரை மணி நேரம் தட்டினேன், அவரு முக்கால் மணி நேரம் தட்டினாரு. தெரியலன்னு பேரு மட்டும் எனக்கு.

அந்தக் கீபோர்டை அவரே எடுத்துக்கினாரு. எனக்கு வேற ஒண்ணு வந்துது, ரிசீவர் வச்சது. ரிசீவர்னா சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும், கம்ப்யூட்டர்ல சொருகணும். கீபோர்டு ஒரு கம்பெனி, மவுஸு வேற கம்பெனி, அதனால எனக்கு மட்டும் ரெண்டு ரிசீவர். ஆன்லைன் பொண்ணுக்கு ரெண்டுக்கும் சேத்து ஒரே ரிசீவர். மாப்பிள்ளைகிட்ட இருந்தது பெரிய இடத்து மவுஸு. ரிசீவர்லயும் ஓடும், ப்ளூடூத்துலயும் ஓடும். அடியில ஒரு பட்டன், அதை அமுக்கினா இதுல இருந்து அதுக்கு மாறும். அவரு லேப்டாப்புல ப்ளூடூத்துலயே ஓட்டினதால, அதோட ரிசீவர் மவுஸு வயித்துக்குள்ளயே தூங்கிக்கினு கிடந்தது. ஆக மொத்தம் நாலு ரிசீவர். நாலும் கறுப்பு, நாலும் ஒரே மாதிரி.

அப்புறம் ஆயுத பூஜை வந்துது.

எங்க ஊர்ல ஆயுத பூஜைன்னா எதையும் விட மாட்டோம். தறிக்கு, தறியில ஓடற நாடாவுக்கு, கத்திரிக்கோலுக்கு, தராசுக்கு, கடை ஷட்டருக்கு, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. முதலாளியம்மா பெரிய பித்தளைத் தட்டோட ரூமுக்கு வந்தாங்க. மானிட்டருக்குப் பொட்டு வச்சாங்க, கீபோர்டுக்கு வச்சாங்க. நான் ரிசீவர் ஒண்ணைக் கழட்டித் தொடைக்கும்போது பாத்துட்டாங்க.

"இத்துனூண்டு இருக்குதே, இது என்னாடி வேலை செய்யுது?"

"மவுஸு சொல்றதை இதுதாம்மா கேட்டு கம்ப்யூட்டருக்குச் சொல்லும்."

"அப்ப இதை எப்படி விடறது? எல்லாத்தையும் கழட்டு."

கழட்டினேன். மாப்பிள்ளை மவுஸு வயித்துல இருந்ததையும் எடுத்தேன். அவரு லேப்டாப்பைத் தூக்கிக்கினு சென்னைக்குப் போயிட்டாரு, மவுஸை மட்டும் பூஜைக்கு விட்டுட்டுப் போகச் சொல்லி மாமியார் வாங்கி வச்சிருந்தாங்க. நாலு ரிசீவரும் தட்டுல, நாலுக்கும் கடுகளவு சந்தனம், அதும் மேல ஊசி முனையில குங்குமம். சாமி முன்னாடி ராத்திரி முழுக்க இருந்தது.

மறுநாள் விஜயதசமி. காலையில நல்ல நேரம் முடியறதுக்குள்ள எல்லாம் ஓடணும்னு முதலாளியம்மா பின்னாடியே நிக்கிறாங்க. நாலும் ஒரே மாதிரி இருக்குது, எது யாருதுன்னு எப்படித் தெரியும்? ஒவ்வொண்ணா சொருகி, மவுஸை அசைச்சு, அசையலன்னா புடுங்கி, அடுத்ததைச் சொருகிப் பாத்தேன். மூணு பொருந்திடுச்சு. நாலாவது எதோடயும் சேரலை. மாப்பிள்ளை மவுஸையும் அசைச்சுப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. அது ப்ளூடூத்துல நின்னுக்கினு இருந்தா ரிசீவரைத் திரும்பியே பாக்காதுன்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது. செத்துப்போன ரிசீவர்னு நினைச்சேன்.

செத்துதுன்னா தூக்கிப் போட வேண்டியதுதானே? மனசு வரல. சந்தனம் வச்ச பொருள். குப்பையில எப்படிப் போடறது? டேபிள் மேல வச்சா பெருக்கும்போது போயிடும். அதனால என் சிபியூ பின்னாடி காலியா இருந்த ஓட்டையில சொருகி வச்சேன், பத்திரமா இருக்கட்டும்னு. இது நான் செஞ்சது. என் கையால செஞ்சது. இதை மறைக்கிறதுக்கு நான் இதை எழுதல.

மூணு வாரம் கழிச்சு ஒரு கல்யாணப் புடவைக்கு அன்னக் கரை போட்டேன். நாலு நாள் வேலை. ரெண்டு தரம் கட்டம் கட்டமா சரிபாத்தேன். மூணாவது தரம் பாக்கல. படத்தை ஸ்க்ரீன்ல திறந்தபடியே விட்டுட்டு சாப்பிடப் போனேன், வந்து சேவ் பண்ணினேன், அட்டை குத்தறதுக்கு அனுப்பினேன்.

முசரவாக்கத்துல இருக்கிற தறிக்காரர் அந்த அட்டையை ஏத்தி நெய்ஞ்சாரு. ஒரு முழம் நெய்ஞ்சு துணியைப் பாத்திருக்காரு. அன்னத்துக்குக் கழுத்தே இல்ல. கழுத்து இருக்க வேண்டிய இடத்துல கோணல் மாணலா ஒரு கீறல், கரை முழுக்க ஒவ்வொரு அன்னத்துக்கும். அந்த ஒரு முழத்தை அறுத்து எடுத்துக்கினு திங்கக்கிழமை காலையில மொபட்டுல வந்துட்டாரு. சத்தம் போடல. கவுன்டர் மேல துணியை விரிச்சு வச்சிட்டு நின்னாரு. அது எனக்கு அடிச்ச மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை என் படத்தைத் திறந்து பெருசாக்கிக் காட்டினாரு. அங்கேயும் அதே கீறல். மேலயும் கீழயும் இழுத்து இழுத்துப் போன கோடு.

"பாருங்க மாமா. இது கை நடுங்கிப் போட்ட கோடு. அவங்களைக் குத்தம் சொல்லல, வயசானா நடுங்கத்தான் செய்யும். கவுன்டர்ல புடவை மடிக்கிற வேலை குடுத்துடலாம். டிசைனுக்கு சென்னையில ஆள் இருக்காங்க, நான் பேசிட்டேன்."

பேசிட்டேன்னாரு பாருங்க, அதுலதான் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிச்சு. திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். பாவம் பாத்தாரு. கடையில ரெண்டு கஸ்டமர், ஆன்லைன் பொண்ணு, தறிக்காரர், முதலாளி, அத்தனை பேரும் என் மூஞ்சியை விட்டுட்டு என் கையைப் பாத்தாங்க.

முதலாளி நல்ல மனுஷன்தான். ஆனா மாப்பிள்ளை பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேச மாட்டாரு. "ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடும்மா. கை முன்ன மாதிரி இல்ல, அதனால தப்பாயிடுச்சு, மன்னிச்சுக்குங்கன்னு. வெள்ளிக்கிழமை தறிக்காரர் திரும்ப வருவாரு. அதுக்குள்ள குடுத்துட்டா பிரச்சினை முடிஞ்சுது"ன்னாரு. யாரோட பிரச்சினை முடிஞ்சுது? அந்த லெட்டரை எழுதினா நான் ஜென்மத்துக்கும் டிசைன் போட முடியாது. இந்த ஊர்ல எந்தக் கடையிலயும் முடியாது.

செவ்வாய்க்கிழமை காய்கறிக் கடையில ஒருத்தி, "கைக்கு டாக்டரைப் பாத்தியா?"ன்னு கேட்டா. புதன்கிழமை சொந்தக்காரர் ஒருத்தர் போன் பண்ணி ஒரு தைலம் பேரு சொன்னாரு. வீட்டுக்காரர், "எழுதிக் குடுத்துட்டுப் போயேன், உனக்கும் ரெஸ்ட்டு"ன்னாரு. நான் டம்ளர்ல காப்பியை விளிம்பு வரைக்கும் ஊத்தி, அடுப்படியில இருந்து வாசல் வரைக்கும் கொண்டுவந்து அவர்கிட்ட நீட்டினேன். ஒரு சொட்டு சிந்தல. அவரு வாங்கினதும்தான் அவரு வேட்டியில சிந்திச்சு.

வியாழக்கிழமை நான் ஒரு வேலையும் செய்யல. அன்னத்தை ஸ்க்ரீன்ல திறந்து வச்சிக்கினு, கையை மடியில வச்சிக்கினு, பொருமிக்கினு உக்காந்திருந்தேன். மத்தியானம் மாப்பிள்ளை எங்கியோ வெளிய போயிட்டு வந்தாரு. பையில இருந்து லேப்டாப்பை எடுத்தாரு, மவுஸை எடுத்தாரு, உக்காந்தாரு.

என் ஸ்க்ரீன்ல அம்புக்குறி நகந்துது.

என் கை மடியில இருக்குது. மவுஸு ஒரு முழம் தள்ளி சும்மா கிடக்குது. அம்புக்குறி மட்டும் அன்னத்து மேல இப்படியும் அப்படியும் ஓடுது. நிமிந்து பாத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை மவுஸைப் புடிச்சு ஆட்டிக்கினு இருக்காரு. லேப்டாப்புல அசையலன்னு கோவத்துல அமுக்கி அமுக்கி இழுக்கிறாரு. அவரு அமுக்கி இழுக்க இழுக்க, இங்க என் அன்னத்தோட முதுகுல கோணல் மாணலா ஒரு கீறல் விழுது. அப்புறம் அவரு மவுஸைத் திருப்பினாரு, அடியில இருந்த பட்டனை அமுக்கினாரு. இங்க அம்புக்குறி நின்னுடுச்சு. அவரு நிம்மதியா வேலையைப் பாக்க ஆரம்பிச்சிட்டாரு.

எனக்குப் புரிஞ்சு போச்சு. பையில திணிச்சு எடுத்துக்கினு போகும்போது அந்தப் பட்டன் அமுங்கிடுது. மவுஸு ப்ளூடூத்தை விட்டுட்டு ரிசீவரைத் தேடுது. ரிசீவர் எங்க இருக்குது? டேபிளுக்கு அடியில முட்டி போட்டுக் குனிஞ்சு சிபியூ பின்னாடி டார்ச் அடிச்சேன். மூணு ரிசீவர். ரெண்டு என்னுது. மூணாவது, செத்துப்போச்சுன்னு நான் சொருகி வச்சது, ஓரத்துல காஞ்ச சந்தனத்தோட.

முட்டி வலியோட அங்கேயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். சந்தோஷப்படறதா வேணாமான்னு தெரியல. அன்னிக்கு நான் சாப்பிடப் போனப்பவும் இதேதான் நடந்திருக்குது. என் கை நடுங்கல. ஆனா இதை இங்க சொருகினது என் கைதான்.

ஆன்லைன் பொண்ணும் வந்து குனிஞ்சு பாத்தா. நடந்ததைச் சொன்னேன். மெதுவா சொன்னா, "அக்கா, அவரு மவுஸு உங்க ஸ்க்ரீன்ல ஓடிச்சுன்னு மட்டும் சொல்லுங்க. யாரு சொருகினாங்கன்னு வாயே தொறக்காதீங்க. பூஜையில மாறிப்போச்சுன்னு விட்டுடுங்க."

அவ எனக்கு நல்லதுதான் சொன்னா. ராத்திரி அதையும் யோசிக்காம இல்ல. பொய்கூட இல்லியே அது, பாதி நிஜம்தானே. ஆனா பாதியைச் சொல்லிட்டு அந்தச் சீட்டுல உக்காந்தா, மவுஸை அமுக்கும் போதெல்லாம் மீதிப் பாதி உறுத்தும். அது எனக்கு வேணாம். விடிஞ்சதும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து லெட்டர் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தறிக்காரர் வந்தாரு. முதலாளி, "லெட்டர் எங்கம்மா?"ன்னாரு.

"இருக்குது. அதுக்கு முன்னாடி எல்லாரும் என் ரூமுக்கு வாங்க. சார், நீங்க உங்க மவுஸை எடுத்துக்கினு வாங்க."

வந்தாங்க. அன்னத்தைத் திறந்தேன். என் மவுஸைத் தூக்கி முதலாளி கையில குடுத்துட்டேன். என் ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கினேன்.

"சார், உங்க மவுஸு அடியில இருக்கிற பட்டனை அமுக்குங்க. அமுக்கிட்டு ஆட்டுங்க."

அமுக்கினாரு. ஆட்டினாரு. என் ஸ்க்ரீன்ல அம்புக்குறி துள்ளிச்சு.

"லேப்டாப்பு வேலை செய்யலன்னா எப்படி அமுக்கி இழுப்பீங்களோ, அப்படி இழுங்க."

இழுத்தாரு. அன்னத்தோட கழுத்துல, பழைய கீறலுக்குப் பக்கத்துல, புதுசா ஒரு கோடு விழுந்துது. அந்த ஒரு முழத் துணியை எடுத்து ஸ்க்ரீனுக்குப் பக்கத்துல புடிச்சேன். ரெண்டும் ஒரே மாதிரி கோணல். தறிக்காரர் கிட்ட வந்து துணியைப் பாத்தாரு, ஸ்க்ரீனைப் பாத்தாரு, மாப்பிள்ளையைப் பாத்தாரு.

மாப்பிள்ளை லேசுப்பட்டவரு இல்ல. உடனே புடிச்சாரு. "என் ரிசீவர் உங்க மெஷினுக்கு எப்படிம்மா வந்துது?"

"நான்தான் சொருகினேன்."

ஆன்லைன் பொண்ணு கண்ணை மூடிக்கினா.

"பூஜைத் தட்டுல இருந்து எடுத்து, எதோடயும் சேரலன்னு, சந்தனம் வச்சதைத் தூக்கிப் போட மனசு வராம நான்தான் சொருகினேன்."

"அப்ப தப்பு உங்களுதுதானே?"

"ஆமா. அதை எழுதியே கொண்டாந்திருக்கிறேன்."

லெட்டரை நீட்டினேன். முதலாளி வாங்கினாரு, கண்ணாடி போட்டாரு, முதல் வரியிலயே நின்னுட்டாரு.

"இது என் பேருக்கு இல்லியே."

"இல்ல முதலாளி. அண்ணன் பேருக்கு. நெய்ஞ்சதை அறுத்தவரு அவருதானே. நான் பதில் சொல்ல வேண்டியது அவருக்கு."

தறிக்காரர் கையில அதைக் குடுத்தாரு முதலாளி. ரொம்ப இல்ல, மூணு வரிதான். வேற மவுஸோட ரிசீவரை என் கம்ப்யூட்டர்ல சொருகினது நான். அனுப்பறதுக்கு முன்னாடி மூணாவது தரம் சரிபாக்காம விட்டதும் நான். இது ரெண்டுக்கும் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கிறேன். கையைப் பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது.

அவரு உதடு அசையப் படிச்சாரு. நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சாரு. "அட்டை எப்பம்மா குடுப்பே?"ன்னாரு.

"படத்தை சாயந்திரத்துக்குள்ள முடிச்சிடறேன்ணே. நாளைக்கு அட்டை வந்துடும்."

"நீயே போடு"ன்னாரு. முதலாளி பக்கம் திரும்பி, "சென்னைப் படமெல்லாம் என் தறிக்கு வேணாங்க"ன்னாரு.

முதலாளி பெருமூச்சு விட்டு, "சரிம்மா, போய் உக்காரு, வேலையைப் பாரு"ன்னாரு. மவுஸை என்கிட்ட நீட்டினாரு. நான் வாங்கல.

"திங்கக்கிழமை இத்தனை பேரு இருக்கும்போது ஒரு பேச்சு வந்துது முதலாளி. இப்பவும் எல்லாரும் இருக்காங்க."

முதலாளி மாப்பிள்ளையைப் பாத்தாரு. இந்தத் தரம் கண்ணை எடுக்கல. மாப்பிள்ளை மவுஸைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு இருந்தாரு, அப்புறம் "சாரிம்மா"ன்னாரு.

"எதுக்கு சார்?"

காது சிவந்து போச்சு அவருக்கு. "உங்க கை நடுங்குதுன்னு சொன்னதுக்கு. நடுங்கல."

"சரி"ன்னேன். முதலாளி கையில இருந்த மவுஸை வாங்கிக்கினேன். சிபியூ பின்னாடி குனிஞ்சு அந்த ரிசீவரைப் புடுங்கி, மாப்பிள்ளை மவுஸு வயித்துக்குள்ள நானே வச்சு மூடிக் குடுத்தேன். எல்லாரும் கலைஞ்சு போனாங்க. சீட்டை இழுத்துப் போட்டு உக்காந்து, மவுஸு மேல வலது கையை வச்சேன்.

அப்பத்தான் நடுங்குச்சு. அஞ்சு நாளா அடக்கி வச்சதெல்லாம் சேந்துக்கினு, விரல் நுனி வரைக்கும் நடுங்குச்சு. கையை எடுத்து டேபிளுக்கு அடியில மடியில வச்சு, இடது கையால இறுக்கிப் புடிச்சுக்கினேன். யாரும் பாக்கல. ரெண்டு நிமிஷம் அப்படியே உக்காந்திருந்தேன். அப்புறம் கையை மேல எடுத்து, அன்னத்தோட கழுத்துல முதல் கட்டத்தை நிரப்பினேன்.